அம்புக்குறி ஒட்டிய ஜன்னல்

திருப்பூருக்கு வந்து லாட்ஜில் அறை கேட்கிறவர்கள் ஏசி உண்டா, சுடுதண்ணீர் வருமா, கொசு கடிக்குமா என்று விசாரிப்பார்கள். மகுடேஸ்வரன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஈரோட்டுப் பக்கம் போற ரயிலு ஜன்னல்ல எந்தக் கைப்பக்கமிருந்து வருமுங்க?" மேஜைக்குப் பின்னால் இருப்பவர் விழித்தால் அந்த லாட்ஜ் தேறாது என்று முடிவுகட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார்.

அவர் வெளியூர்க்காரர் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நல்லூரில் சொந்த வீடு. மனைவி இந்துமதி, கல்யாண வயதில் மகள் சுபஸ்ரீ. லாட்ஜிலிருந்து வீட்டுக்கு டவுன்பஸ் உண்டு. ஆனால் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவது எதிர்வீட்டுத் தையல் யூனிட்டின் தகரக் கூரை. அதைப் பார்த்து ஒரு மனிதன் எத்தனை நாள் வாழ முடியும்?

தொழிலில் மகுடேஸ்வரன் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வருகிற பீஸை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஊசித்துளையோ எண்ணெய்க்கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஊரில் இதைச் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் அவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். மகுடேஸ்வரனால் அது முடியவில்லை. ஸ்டிக்கர் ஷீட் எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். தோசை ஒரு பக்கம் கருகினால் தட்டின் விளிம்பில் ஒரு அம்பு. கல்யாணப் பத்திரிகையில் முருகன் படம் கோணலாக அச்சாகியிருந்தால் வேலின் நுனியில் ஒரு அம்பு. இந்துமதி கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறார். இப்போதெல்லாம் அம்பைப் பிய்த்துக் கணவர் நெற்றியிலேயே ஒட்டிவிட்டு அடுத்த தோசையை ஊற்றப் போய்விடுகிறார்.

ரயிலை ஸ்டேஷனில் நின்று பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிளாட்பாரத்தில் நிற்பவன் ரயிலைப் பார்ப்பதில்லை, ஒரு பெட்டியைப் பார்க்கிறான் என்பது மகுடேஸ்வரனின் வாதம். ரயிலைப் பக்கவாட்டில், சற்றே மேலேயிருந்து, கையில் டீயோடு, தலையிலிருந்து வால்வரை பார்க்க வேண்டும். அதற்கு இரண்டாவது மாடிதான் லாயக்கு. முதல் மாடியில் காம்பவுண்டு சுவர் சக்கரத்தைத் தின்றுவிடும். நாலாவது மாடியில் பெட்டியின் கூரை மட்டும்தான் தெரியும், அது ஆளைப் பார்க்காமல் வழுக்கையைப் பார்த்துவிட்டு வருவது போல.

இப்படி ஊரிலுள்ள லாட்ஜுகளையெல்லாம் சலித்துக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், இரண்டாவது மாடி, கோடி அறை. கட்டில் ஆடும். குழாய் ஒழுகும். அதையெல்லாம் அவர் கவனித்ததே இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ரயிலடிக்கு வந்து, அறையைத் திறந்து, விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் நிற்பார். நன்றாக இருட்டியதும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மேனேஜர் இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு இதெல்லாம் ஒரு வாடிக்கையாளரின் சொந்த விஷயம்.

இந்த நேரத்தில்தான் சுபஸ்ரீக்கு வரன் வந்தது. சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கும் கிட்டுசாமியின் மகன் கவின். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது, ஜாதகமும் ஒத்துழைத்தது. பாக்கி இருந்தது விசாரிப்பு மட்டும். நம் பக்கத்தில் பெண் எடுப்பதற்கு முன் பெண்ணின் அப்பாவைப் பற்றி டீக்கடை, சலூன், கம்பெனி வாசல் என்று நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். அந்த வழியில் எவனோ ஒருவன் லாட்ஜைக் கைகாட்டிவிட்டான்.

கிட்டுசாமி நேரே இசக்கிமுத்துவிடம் போனார். இசக்கிமுத்து நல்ல மனுஷன். மகுடேஸ்வரனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி தங்கமானவுக. தனியா வருவாவ, தனியா போவாவ. ஒரு நாளும் லைட்டு போட்டதில்ல. மெத்தையில ஒரு சுருக்கம் இருக்காது பாத்துக்கிடுங்க."

கிட்டுசாமிக்கு வியர்த்துவிட்டது. லாட்ஜில் ரூம் போடுகிறவன் படுப்பான், குடிப்பான், சீட்டாடுவான். மூன்றையும் அவர் அறிவார், மன்னிக்கவும் தயார். சொந்த ஊரில் ரூம் போட்டு, விளக்கைப் போடாமல், மெத்தையையும் தொடாமல் நிற்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுநாள் காலையிலேயே நல்லூருக்கு வந்துவிட்டார். காப்பியைத் தொடாமல் கேட்டார். மகுடேஸ்வரன் உண்மையைச் சொன்னார். ரயில் பார்க்கிறேன் என்றார். கிட்டுசாமி காப்பி டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க, தண்ணி போடறேன்னு சொல்லியிருந்தாக்கூட ஊருக்குள்ள சொல்லிக்கலாமுங்க. இதைப் போயி எப்படிங்க நாலு பேருகிட்டச் சொல்றது?"

எழுந்து போய்விட்டார். வரன் தொங்கலில் நின்றது. ரயிலை விட்டுவிட்டு வேறு ஏதாவது காரணம் சொல்லும்படி அன்று முழுக்க இந்துமதி கெஞ்சினார். கடைசியில் சுபஸ்ரீயே அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவினைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "குடிக்கறேன்னு ஒத்துக்கங்கப்பா" என்றாள்.

மகுடேஸ்வரன் ஆயுளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். தப்பான பீஸை நல்ல பீஸ் என்றோ, நல்ல பீஸைத் தப்பான பீஸ் என்றோ அவர் கை இதுவரை அனுப்பியதில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். கிட்டுசாமிக்குப் போன் போட்டு, சனிக்கிழமை லாட்ஜுக்கு வந்து கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

கிட்டுசாமி வந்தார். வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்தார். பாத்ரூம் வாளியைக் கவிழ்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி முழுக்கச் சிவப்பு அம்புகள்.

"இதென்னங்க?"

மகுடேஸ்வரன் வாத்தியார் மாதிரி விரலை நீட்டி விளக்கினார். இந்த அம்பு மின்கம்பம், இன்ஜினை ஒரு கணம் மறைக்கிறது, மேஜர், அதாவது பெரிய குறை. அது வேப்பங்கிளை, மழைக்குப் பிறகுதான் தொந்தரவு, மைனர், சின்னக் குறை. அங்கே பக்கத்து மொட்டைமாடியில் காய்கிற போர்வை, சொல்லிப் பார்த்தாயிற்று, எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

கிட்டுசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தப்புச் செய்ய வருகிறவன் ஜன்னலில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க மாட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இசக்கிமுத்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று கதவோரம் நின்றுகொண்டார். ரயில் வருகிற வழியைக் காணோம். டீ ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் வந்தது ஒரு கூட்ஸ். மகுடேஸ்வரன் எழுந்து நின்றார். துணியை ஓடவிட்டுப் பார்க்கிற அதே பார்வை, இன்ஜினில் தொடங்கி ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. கடைசிப் பெட்டி கம்பத்தைத் தாண்டியதும், குறையில்லாத பீஸுக்குச் சொல்வது போல "பாஸ்" என்று முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுல என்னங்க இருக்குது?" என்றார் கிட்டுசாமி.

"காலையில இருந்து பொழுதுக்கும் எதைப் பாத்தாலும் தப்புத்தானுங்க தெரியுது எனக்கு. இது ஒண்ணுதானுங்க, தப்புக் கண்டுபிடிக்கறதுக்குள்ள போயிருது."

கிட்டுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்பறனுங்க. இப்ப அதுதானுங்க பிரச்சனை."

நம்பாமலிருந்தால் வரனை முறித்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். நம்பிவிட்ட பிறகு, சாமளாபுரத்தில் இருக்கும் பங்காளிகளுக்கு அல்லவா சொல்ல வேண்டும்? லாபமே இல்லாமல் ஒருத்தர் ரூம் வாடகை கொடுத்து ரயில் பார்க்கிறார் என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் புத்தி எப்படியிருக்குமோ என்று பேசுவார்கள். குடி என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். ஆகவே சம்பந்தி குடிப்பார் என்றே தாம் சொல்லிக்கொள்வதாகக் கிட்டுசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மகுடேஸ்வரனுக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. ஏற்றுமதிக்குத் தேறாத பீஸை செகண்ட்ஸ் என்று ஒதுக்கி, உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்புவார்கள். அதற்கும் ஆள் இருக்கிறது, விலை போகிறது, போட்டுக்கொண்டு சந்தோஷமாகவே திரிகிறார்கள். சட்டைப்பையிலிருந்து ஷீட்டை எடுத்தார். ஒரு அம்பைப் பிய்த்துத் தன் நெஞ்சுக்கு நேராகச் சட்டையில் ஒட்டிக்கொண்டார்.

"மேஜருங்களா, மைனருங்களா?"

"மைனருங்க," என்றார் கிட்டுசாமி. "வாரத்துக்கு ஒருக்கா, அளவோடன்னு சொல்லிக்கறனுங்க."

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் மகுடேஸ்வரனை மண்டபத்துக்குப் பின்னால் மரியாதையோடு கூட்டிப்போனார்கள். சோடா டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் முகூர்த்தம்வரை அங்கே நின்றார். மனுஷன் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறுவதில்லை என்று இன்றுவரை சாமளாபுரத்தில் பேச்சு. தீபாவளிக்குக் கவின் மாமனாருக்கு வேட்டி சட்டையோடு துண்டில் சுற்றி ஒரு பாட்டிலும் கொண்டுவந்தான். மகுடேஸ்வரன் அதை வீட்டில் வைக்க முடியாமல் லாட்ஜுக்கு எடுத்துப்போனார். இசக்கிமுத்து முருகனுக்கு மாலை போட்டு விரதத்தில் இருந்தார், கையால் தொட மாட்டேன் என்றுவிட்டார். பாட்டில் ஜன்னல் விளிம்பில் நிற்கிறது.

இப்போது சனிக்கிழமைகளில் கிட்டுசாமியும் வருகிறார். கெட்டுப்போன சம்பந்தியை ஒரு கண் பார்த்துவிட்டு வருவதாக அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அவருக்கும் தனியாக ஒரு நாற்காலி போட்டாயிற்று. போன வாரம் வண்டி வருகிற சத்தம் கேட்டதும் அவர்தான் முதலில் கழுத்தை நீட்டினார்.

"மறைக்குதுங்க சம்பந்தி. பாட்டிலை அக்கட்ட வைங்க."

மகுடேஸ்வரன் அதை நகர்த்தி வைத்து, மூடியின்மேல் ஒரு அம்பை ஒட்டினார்.