கேட்காமல் சொன்ன சபாஷ்

அவளைப் புகார் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலையைப் பார்த்து வைத்த பெயர். குணமும் அதற்கு ஒத்துப்போனதால் ஒட்டிக்கொண்டது.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று ஊரே அவள் காதுக்குள் வந்து கொட்டும். எவன் எப்படித் திட்டினாலும் கடைசியில் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். சொல்லாமல் விட்டால் மேற்பார்வையாளர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார். சொன்ன பிறகு அந்தக் கருத்து எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அது எங்கும் போவதில்லை. வாயில் தேன், கையில் வெறுங்காற்று. அதற்குத்தான் சம்பளம்.

பகலெல்லாம் அடுத்தவர் சத்தத்தைக் கேட்ட காது, வீட்டுக்கு வந்தால் தனக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அலுவலகம் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. அதில் ஓசைகளை வெட்டி ஒட்டிப் பாட்டுக் கட்டப் பழகினாள். வீடு இரண்டே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார், நுரையீரல் நோய்க்காரி. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக். நாள் முழுக்க அந்த வீட்டின் கடிகாரம் அதுதான். ஒருநாள் அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து, மெதுவாக்கி, அடியில் பேஸ் என்கிற கனத்த அடிநாதத்தை வைத்துப் பார்த்தாள். உயிர் இருந்தது.

மாமியார் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "என் மூச்ச வச்சுப் பாட்டுப் போடுறியா? போடு, போடு. என் மூச்சு நின்னா உன் பாட்டும் படுத்துடும், பாத்துக்கோ."

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். எதைப் போட்டுக் காட்டினாலும், பாதி ஓடுவதற்குள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடுவார். அவள் ஹெட்போனிலும் ஒரு பக்கம் செத்துவிட்டது. அவள் வைத்த பேஸ் எப்படி இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. அது தெரிய ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு சவுண்ட் சர்வீஸ். மாதக் கடைசி ஞாயிறு, அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அங்கே ஒரு கூட்டம் நடக்கும். வீட்டிலேயே மின்னிசை செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வேன் ஓட்டுகிறவர் உண்டு, மருந்துக் கடையில் நிற்கிறவர் உண்டு, டெய்லர் மாஸ்டர் ஒருவர் உண்டு. சவுண்ட் சர்வீஸ்காரர்தான் தலைவர். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அவரவர் பாட்டை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், மற்றவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து ஃபீட்பேக் சொல்ல வேண்டும், சொல்லி முடித்த பிறகு பாட்டு ஸ்பீக்கரில் ஓடும். விதி ஒன்றுதான்: முதலில் சர்க்கரை, அப்புறம் உப்பு. அதாவது நல்லதைச் சொல்லிவிட்டுக் குறையைச் சொல்.

நல்ல விதி எப்படிச் சாகும் தெரியுமா? யாரும் அதை மீற மாட்டார்கள். பாதியை மட்டும் கடைப்பிடிப்பார்கள். இங்கே உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வெறும் சர்க்கரை மிஞ்சியது. சூப்பர். செம. பேஸ் பிரமாதம். நான் உன்னை மெச்சுகிறேன், நீ என்னை மெச்சு, டீ வந்துவிட்டது, குடிப்போம்.

அக்கா மட்டும் உப்பு மூட்டையோடு வருவாள். வாரம் முழுக்கப் பொய்யாகக் குழைந்த நாக்குக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நிமிர வேண்டாமா? போன மாதம் தலைவரின் பாட்டுக்கே சொல்லிவிட்டாள்: "லிஃப்ட் வருது, கதவு தொறக்குது, மூடுது. யாரும் ஏறல, யாரும் எறங்கல. இதுக்கு எதுக்குத் தலைவரே இவ்ளோ நீளம்?"

சிலர் சிரித்துவிட்டு, தலைவர் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தலைவர், உங்கள் கருத்துக்கு நன்றி என்றார். அந்த வாக்கியத்தின் எடை என்ன என்று அவளுக்கா தெரியாது? மறுநாள் எல்லோர் போனுக்கும் செய்தி வந்தது. மனம் புண்படப் பேசுகிறவர்களுக்கு இனி இங்கே இடமில்லை. பெயர் போடவில்லை. பெயர் போடாத தீர்மானம் யார் கழுத்துக்கு என்பது, ஒரு கூட்டத்திலாவது உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பயம் தலைவர்மேல் இல்லை. அந்த மாடி போனால் ஸ்பீக்கர் போகும். மாமியாரின் மூச்சிலிருந்து எடுத்த அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க வேறு வழியே கிடையாது.

பாட்டை முடித்தாள். அனுப்ப வேண்டிய அன்று, தாளம் சரியாக விழுகிறதா பார்ப்போம் என்று எல்லா ஓசைகளையும் நிறுத்திவிட்டு, கணக்குக்காக மென்பொருள் தானே போடும் டிக் டிக் சத்தத்தை மட்டும் ஓடவிட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாமியாரின் குழாய் கழன்றது. ஓடிப்போய் மாட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். போனது பாட்டு இல்லை. நாலு நிமிட டிக் டிக்.

அது அவளுக்குத் தெரியாது. மதியத்துக்குள் போனில் பதில்கள் வந்து குவிந்தன. சூப்பர் அக்கா. பேஸ் நெஞ்சில அடிக்குது. கண் கலங்கிடுச்சு. ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சமாதானத்துக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் மனசு குளிர்ந்தது. வெயிலில் வந்தவனுக்கு மோர் யார் கொடுத்தால் என்ன.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவள் முறை வந்தது. ரெண்டாவது நிமிஷத்தில் வரும் மெலடிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டேன் என்றார் வேன்காரர். அக்கா இப்போதுதான் நம் வழிக்கு வந்திருக்கிறார், இதில் ஓர் அடக்கம் இருக்கிறது என்றார் தலைவர். ஆளாளுக்குச் சர்க்கரை தூவினார்கள். கடைசியாக டெய்லர் மாஸ்டர்.

"நான் கேக்கல" என்றார் அவர். "பள்ளிக்கூடம் தொறக்குற நேரம். யூனிஃபார்ம் மலையாக் குவிஞ்சு கெடக்கு. கேக்காததுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரே கேட்டிருக்கிறது, இந்த மனுஷனுக்கு நாலு நிமிடம் கிடைக்கவில்லையாம். பெரிய துரை.

தலைவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

டிக். டிக். டிக். டொக்.

முதலில், தலைவர்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டார் என்று நினைத்தாள். பிறகு அந்தச் சத்தம் எது என்று புரிந்தது. யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்று முகங்களைப் பார்த்தாள். தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. மருந்துக் கடைக்காரர் தொடையில் தட்டினார். வேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். மாஸ்டர் ஒருத்தர்தான், இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்கிற மாதிரி ஸ்பீக்கரை முறைத்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் டிக் டிக் ஓடி நின்றது. கை தட்டினார்கள்.

"மினிமல். குறைச்சலே நிறைவு" என்றார் தலைவர்.

அவள் எழுந்தாள். வேன்காரரைப் பார்த்துத்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணே, அந்த மெலடி எங்க வந்துச்சு?"

"அது... ஹெட்போன்ல கேட்டாத் தெரியும்க்கா."

"இதுல பாட்டே இல்லண்ணே. கணக்குக்கு மெஷின் அடிக்கிற டிக் டிக். தப்பான ஃபைல அனுப்பிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். நீங்க எதைக் கேட்டு வண்டிய ஓரம் கட்டினீங்க?"

தலைவர், அக்கா மனசு நோகக் கூடாது என்றுதானே எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள் என்று இழுத்தார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு என் பாட்டைக் கேக்காம விட்டீங்களா? ஒருத்தி தண்ணி வரலன்னு அழுவா. உங்க கருத்து முக்கியம்னு சொல்லிட்டுப் போனை வப்பேன். எனக்கு அதுக்குக் கூலி குடுக்கறாங்க, வயித்துப்பாடு. உங்களுக்கு என்ன தலைவரே கெடைக்குது?"

கேட்காமல் திட்டுகிறவனைக் கூட மன்னிக்கலாம், அவனோடு சண்டை போடலாம். கேட்காமல் புகழ்கிறவனை என்ன செய்வது? அவன் உன் உழைப்பைத் தொடாமலே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, உனக்கே மாலையும் போடுகிறான். நீ குனிந்து வாங்கிக்கொள்கிறாய்.

தலைவருக்கு முகம் கறுத்தது. தீர்மானத்தை நினைவுபடுத்தினார். அப்படியானால் அக்காவுக்கு இதுதான் கடைசிக் கூட்டம் என்றார்.

"கடைசின்னா கடைசி. ஆனா என் முறை இன்னும் முடியல. என் பாட்டு ஓடல."

அங்கேயே நின்று வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். பேருந்தை மேட்டில் கூட ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் குழந்தையாகிவிட்டார். எந்த மூலை, எந்தப் படம், ஒரு தட்டா ரெண்டு தட்டா என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். பின்னால் மாமியார், அவனுக்குத் தெரியாது, என்னைக் கேள் என்று கத்துவது மாடி முழுக்கக் கேட்டது. அதற்குள் பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். வேன்காரர் வெட்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைவர் கடை சொந்தமென்பதால் நின்றார். மாஸ்டர் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஃபைல் வந்தது. ஓடியது.

புஸ்ஸ்... டக். சுவருக்குப் பின்னால் இத்தனை காலம் கேட்ட மூச்சு, அறை அளவுக்குப் பெரிதாக எழுந்து நின்றது. அடியில் பேஸ் வந்தபோது அட்டைப்பெட்டிகள் அதிர்ந்தன. தான் வைத்தது இதுதானா என்று அவளுக்கே வியர்த்தது. நடுவில் மணிச் சத்தம். பல நாள் இழைத்து இழைத்துச் செய்த மணி. பிறகு மறுபடி மூச்சு, முடிவு.

மாஸ்டர் காதைத் தேய்த்துக்கொண்டார். "ஆரம்பம் ஆளப் பிடிச்சு இழுக்குது. அந்த மணி வந்ததும் மூச்சு காணாமப் போயிடுது. பிரிச்சு எடுத்துடுங்க."

"எதை?"

"மணியத்தான்."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த மணிக்காக எவ்வளவு உழைத்திருக்கிறாள், துணி வெட்டுகிறவருக்கு அது எங்கே புரியும் என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டாள்.

"புரியலதான்" என்றார் மாஸ்டர், கோபிக்காமல். "போரடிச்சுது. அதைச் சொன்னேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனாள். திரும்பி வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள்.

"சரியா எந்த இடத்துல மாஸ்டர்?"

"திரும்பப் போடச் சொல்லுங்க. கையத் தூக்கறேன்."

தலைவர் யாரையும் பார்க்காமல் போட்டார். மூச்சு எழுந்தது, பேஸ் சேர்ந்தது. மணி வர இன்னும் நேரம் இருக்கும்போதே மாஸ்டரின் கை மேலே போனது.

"இன்னும் மணியே வரலியே மாஸ்டர்."

"வரப்போகுதுன்னு பயந்துட்டேன்."

வேன்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். "நிறுத்துங்க தலைவரே. அந்த எடத்துலேருந்து மறுபடி போடுங்க" என்றாள்.