கண்ணீர் அஞ்சலிக்கு அடியில் ஓர் அறிவித்தல்

கடலுக்குப் போகும் பாதை ஒன்றை நான் மூடினேன். சட்டப்படி மூடினேன். அதனால்தான் அதைக் குற்றம் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை!

சிலாபத்துக்கு வடக்கே, கரையோரத்தில் உள்ள எங்கள் சிறு பட்டினத்தின் நகர சபையில் நான் செயலாளராக இருந்தேன். அந்தப் பட்டினத்தின் வரலாறு உங்களுக்கு வேண்டுமா? ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் போதும். பெரிய வளவு வீட்டுக்காரர் என்பதால் 'வளவுக்காரர்' என்போம். பாட்டன் சபைத் தலைவர், மகன் தலைவர், பேரனும் தலைவர். இரண்டு பெரிய கட்சிகளிலும் ஒவ்வொரு சகோதரன்; எது வென்றாலும் வெடி கொளுத்துவது ஒரே வாசலில்தான். நூலகத்துக்கு அவர்கள் பெயர், மைதானத்துக்கு அவர்கள் பெயர், பிரேத அறைக்கும் அவர்கள் பெயர்... செத்தாலும் தப்ப முடியாது!

பேரன் கடற்கரையில் ஹோட்டல் கட்ட விரும்பினான். குறுக்கே மீனவர் பாதை கிடந்தது. பொதுப் பாதையை மூடுவதென்றால் பதினான்கு நாட்கள் அறிவித்தல் பலகையில் போட வேண்டும். ஓர் ஆட்சேபம் வந்தாலும் விசாரணை நடத்த வேண்டும். போட்டேன். மூன்று மொழிகளிலும், எழுத்துப்பிழை இல்லாமல்.

இரண்டாம் நாள் பாட்டன் காலமானார். பேரன் பெரிய 'கண்ணீர் அஞ்சலி' ஒன்றோடு வந்தான்.

"செயலாளர், நடுவில போடுங்க. எங்கட அப்பப்பா எங்கயும் ஓரத்தில நிண்ட மனுசன் இல்ல."

ஓரத்தில் இடம் இருந்தது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். பிறகு என் கையாலேயே, அறிவித்தலின் மேல், நான்கு மூலைக்கும் ஊசி குத்தினேன்.

பயமா? இல்லை... ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. பிரியாவிடையில் வளவுக்காரர் கையால் ஒரு மாலை வேண்டும் என்ற அற்ப ஆசை! கிடைத்தது. பிளாஸ்டிக் பூ.

பிலோமினா கரையில் மீன் வாங்கித் தலையில் சுமந்து விற்பவள். அந்தப் பாதையால் நடந்தே பிள்ளைகளை வளர்த்தவள். ஊரில் கதை அடிபட்டதும் பலகையைப் பார்க்க வந்தாள். வாசிக்கத் தெரிந்தவள். பாட்டனின் படத்தைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அவள் தேடி வந்த தாள் அந்தப் படத்துக்கு அடியில் இருந்தது!

நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதுமாயிருந்தது... ஏன் சொல்லவில்லை?

பாதைக்குக் குறுக்கே வேலி போட்ட அன்று ஓடி வந்தாள்.

"ஐயா, நான் பலகையைப் பாத்தேன்தானே! ஒண்டும் இருக்கல்லயே?"

"பதினாலு நாளும் இருந்தது பிலோமினா. ஆட்சேபம் சொல்ற காலம் முடிஞ்சிட்டு."

"அப்ப என்ட கண்ணிலதான் பிழையாக்கும்..."

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு குறையும் காண மாட்டீர்கள்.

இப்போது அவள் ஹோட்டலைச் சுற்றி, என் வீட்டுத் தெருவால் கரைக்குப் போகிறாள். அன்றிலிருந்து தன் கண்ணை அவள் நம்புவதில்லை. மருந்துச் சீட்டு, மின்சாரச் சபைக் கடிதம், கோயில் அறிவித்தல்... எது வந்தாலும் என் கதவடியில் நின்று நீட்டுகிறாள்.

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. ஐயா வாசிச்சாப் பிழை வராது."

வாசித்துச் சொல்கிறேன்.