ஒரே பாட்டு, இரண்டு சைஸ்

ஒரே பாட்டு எப்படிப் பெரிசாகவும் சின்னதாகவும் இருக்கும் என்று ஐந்தாவது படித்த எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. என் தாய்மாமன் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கடை போட்டு, சின்ன எம்பி3 பிளேயர்களில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனை மரியாதையாக எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. எம்பி3, டபிள்யூஎம்ஏ, அறுபத்து நாலு, முந்நூற்று இருபது என்று எதையெதையோ அடுக்குவான். முந்நூற்று இருபதில் ஏற்றினால் பாட்டு சுத்தமாகக் கேட்கும், ஆனால் சைஸ் பெரிசு, பிளேயரில் கொஞ்சம் பாட்டுதான் பிடிக்கும். அறுபத்து நாலில் ஏற்றினால் சைஸ் சின்னது, நிறைய பாட்டு பிடிக்கும், ஆனால் பாட்டு கெட்டுப்போகும். கெட்டெல்லாம் போகாது என்று அவன் சாதித்தான். வாங்கிப்போனவர்களோ தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தார்கள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தேடி வந்தான். பீங்கான் யூனிட்டில், சுட்டு வந்த கப்புகளை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் விட்டதை ஒதுக்குவதுதான் அப்பாவின் வேலை. அந்தக் காதுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

முதலில் பிளேயரின் ஒயரை என் காதில் மாட்டினான். சின்ன சைஸ் பாட்டில் ஜால்ரா அசிங்கமாக இருந்தது.

“ஜால்ராவ தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்குது மாமா.”

“ஒனக்கு இன்னாடி தெரியும்? போயி காத கழுவிட்டு வா.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதாண்டா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இதுல ஏதும்மா ஜால்ரா?” என்றார்.

மாமன் தொடையில் தட்டிச் சிரித்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அப்பாவின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

“போதும் வுடு. வெளிய போயி இத எவங்கிட்டயும் சொல்லி வெக்காத.”

“ஏங்க்கா, இத வுட நல்ல வெளம்பரம் எங்க கெடைக்கும்?”

அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு கோபம்? பாட்டு பிடிக்கவில்லையா, மாமனைப் பிடிக்கவில்லையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாமன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். “கப்பு தட்டுறாரே எங்க மாமா, அவருக்கே வித்தியாசம் தெரியல. ஒனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?” வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. நானும் ஸ்கூலில், எங்கப்பா பேரைச் சொல்லித்தான் டவுனே பாட்டு ஏற்றுகிறது என்று பீற்றிக்கொண்டேன். யூனிட்டு ஆட்களும் அந்தக் கடைக்குத்தான் போனார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

யூனிட்டில் அப்பாவின் முன்னால் நல்ல கப்பையும் கீறல் கப்பையும் வைத்துத் தட்டச் சொன்னார்களாம். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறது. கேட்காமல் என்ன செய்யும்? அவர் உட்கார்ந்த இடத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மண் அரைக்கும் மில் வருஷக்கணக்காக உருண்டுகொண்டிருந்தது. அந்த மில்லுக்கே அவரை மண் சுமக்கப் போட்டார்கள். அந்தக் காதில் இனிக் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்று சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளை மண்ணோடு வந்தார். வேலையை மாற்றிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அவள் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள். நான்தான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஏம்ப்பா, இப்ப பெரிய வேலையா குடுத்திருக்காங்க?”

“ஆமாம்மா” என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் கேட்டது காதில் விழுந்துதான் சிரித்தாரா என்று யோசிக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.