பைகார்பனேட் ஒன்பது

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்தவனைப் போலப் பெரிது பெரிதாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. நெய்வேலி சுரங்கத்தில், கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிதறுவதை அள்ளிப் போடும் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. மூச்சு வாங்கினால் கரித்தூசி என்பார்கள் எங்கள் ஆட்கள். நுரையீரல் கெட்டவனை மேஸ்திரி மறுபடி வேலைக்குக் கூப்பிடமாட்டார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தூசிக்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் வெல்லம் தின்றால் உள்ளே படிந்த கரி இறங்கிவிடும் என்பார்கள். மூச்சு கூடக்கூட நான் வெல்லத்தைக் கூட்டினேன். தாகம் அடங்கவில்லை, வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். ஒரு நாள் வாந்தியெடுத்து, எழ முடியாமல் கிடந்தேன். என் மனைவி லூர்து கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "நுரையீரல் நல்லா இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்கவும் கூச்சம். லூர்துதான் கேட்டாள்.

"நல்லா இருந்தா ஏம்மா துருத்தி கணக்கா ஊதிகினு கெடக்குறாரு?"

ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். எனக்குச் சர்க்கரை நோய் என்பதே அன்றுதான் தெரிந்தது. பைகார்பனேட் (ரத்தத்தில் சேரும் அமிலத்தைத் தணிக்கும் பொருள்) இருபத்திரண்டுக்குக் குறையக் கூடாதாம். எனக்கு ஒன்பது.

"இன்சுலின் பத்தாதப்போ உடம்பு கொழுப்பை எரிக்குது. அதுல அமிலம் சேருது. அதைத் தணிச்சுத் தணிச்சே பைகார்பனேட் கொறைஞ்சுபோச்சு. ஈடுகட்ட நுரையீரல் கரியமில வாயுவை வேகமா வெளியே தள்ளுது" என்றார் டாக்டரம்மா.

"தெனம் வெல்லம் துன்னாரும்மா, கரி எறங்கணும்னு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "தின்னது வயித்துக்குத்தாங்க போகும். சர்க்கரைதான் ஏறியிருக்கு."

"கேட்டுக்குங்க" என்றாள் லூர்து, என்னைப் பார்த்து.

எங்கள் சுரங்கத்தில் அடியிலிருந்து தண்ணீர் எழும்பிக்கொண்டே இருக்கும். பம்புகள் நிற்காமல் இறைக்கும். அவை கூடுதலாக ஓடினால் தண்ணீர் ஏறுகிறது என்போம். பம்பு கெட்டது என்று யாரும் சொல்லமாட்டோம். என் மூச்சை மட்டும் நான் அப்படிப் பார்க்கவில்லை.

சலைனும் இன்சுலினும் ஏறின. திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். கூச்சத்தை விட்டு நர்ஸிடம் கேட்டேன்: "இப்ப எவ்ளோங்க?"

"பரீட்சை மார்க்கு மாதிரி கேக்குறீங்களே! பதினேழு."

உங்களில் யாருக்காவது காரணமில்லாமல் இப்படி மூச்சு வாங்கினால், தாகமும் சேர்ந்திருந்தால், என்னைப் போல நீங்களே காரணம் முடிவுகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இன்றுவரை எனக்குத் தினமும் உண்டு. வேலையும் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் விழித்தபோது சத்தமே இல்லை. மூச்சு நின்றுவிட்டதோ என்று பயந்து நெஞ்சில் கை வைத்தேன். மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் அப்படியே கிடந்தேனோ, தெரியாது.

"இன்னாங்க, வலிக்குதா?" என்றாள் லூர்து.

"இல்ல. தானா நடக்குது, பாத்துகினு இருக்கேன்."