மாத்திரைக்கு லீவு விட்ட கண்ணாடிக்காரர்

கண்ணாடிக்காரரின் இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனவரின் விரலில் எதையோ மாட்டினார்கள். அதில் எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததைப் பல் டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"முதல்ல இதயத்தைக் காட்டிட்டு வாங்க. பல்லு எங்கேயும் ஓடிடாது."

ஓடிக்கொண்டிருந்தது இதயம்தான். படி ஏறினால் நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று சிறகடிப்பதும், பிறகு தானாகவே அடங்குவதும் அவருக்குப் பல மாதங்களாகப் பழக்கம். அதற்கு அவர் வயசு என்று பெயர் வைத்திருந்தார். மனைவி கோபம் என்றாள். கடையில் கூட இருக்கும் மச்சினன் வாய்வு என்றான். இப்படி ஆளுக்கொரு பெயர் வைத்து வளர்த்து வந்த வியாதிக்குத்தான் இதய டாக்டர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வாய் கொள்ளாத ஒரு பெயரைச் சூட்டினார்.

இதய டாக்டர் பொறுமைசாலி. படம் வரைந்து விளக்கினார். "இதயத்துல மேல ரெண்டு ரூம், கீழ ரெண்டு ரூம். உங்களுக்கு மேல் ரூம் ஒழுங்கா சுருங்கி விரியாம சும்மா நடுங்கிட்டே இருக்கு. அதனால ரத்தம் அங்கேயே தேங்கும். தேங்கினா கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம்."

மாடியில் குடியிருப்பவன் இரவு பகலாகக் குதித்தால் கீழ்வீட்டுக்காரன் படுகிற பாடு என்று கண்ணாடிக்காரர் அதைப் புரிந்துகொண்டார். காலி செய்யச் சொல்லவும் வழியில்லாத குடித்தனம்.

"என்ன வேலை பண்றீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "சொந்தமா பிசினஸ், டாக்டர்."

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரி தன் கணவர் ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய ஏதோவாக இருப்பதாக இவளிடம் சொல்லியிருந்தாள். கண்ணாடி வெட்டுகிறவர் என்று சொன்னால் தன் கணவனின் இதயத்தை இரண்டாம் தர இதயமாக எழுதிக்கொள்வார்களோ என்று பயம். கண்ணாடிக்காரரும் மறுக்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய விரல்களை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டு, பிசினஸ்காரர் எப்படிச் சிரிப்பாரோ அப்படிச் சிரித்து வைத்தார்.

"டென்ஷன் ஜாஸ்தியா இருக்கும், இல்லையா?" என்றார் டாக்டர், புரிந்துகொண்ட முகத்துடன். "போனைக் கொஞ்சம் ஓரமா வைங்க. காலையில நடங்க."

காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே வேலை பார்ப்பவர் தலையாட்டினார்.

பிறகு டாக்டர் வழிகளை எடுத்து வைத்தார். துடிப்பு வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை. அதில் யாருக்கும் சண்டையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரை. தினமும், அநேகமாக ஆயுள் முழுக்க. நெஞ்சில் மின்சாரம் கொடுத்துத் துடிப்பை நேராக்கலாம். மறுபடி கோணாது என்று சொல்வதற்கில்லை. தொடை வழியாகக் கம்பி விட்டு, கலாட்டா செய்கிற இடத்தைச் சுட்டுவிடலாம். பலருக்குப் பலிக்கும், சிலருக்கு இரண்டாம் முறையும் சுட வேண்டிவரும்.

"சுட்டா அந்த ரத்த மாத்திரையை நிறுத்திடலாமா?"

"உடனே முடியாது. அப்புறமும் உங்க வயசு, பிரஷர் எல்லாம் பார்த்துதான் சொல்ல முடியும். எதுக்கும் வீட்ல கலந்து பேசுங்க. முடிவு நீங்கதான் எடுக்கணும்."

கண்ணாடிக்காரர் மிரண்டுபோனார். அவர் வீட்டில் சுவருக்கு நிறம் முடிவு செய்தது மனைவி. மகளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்தது மகள். கடைப் பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்தது மச்சினன். கண்ணால் பார்த்தே இராத ஒரு உறுப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை மட்டும் இந்த வயதில் அவரைத் தேடி வந்திருந்தது.

குடும்பம் சாப்பாட்டு மேசையில் கூடியது. வெளியூர் மகள் போனில் ஸ்பீக்கர் வழியாகக் கலந்துகொண்டாள்.

"அப்பா, சுட்டுக்கறதுதான் லேட்டஸ்ட். நான் நாலு வீடியோ பார்த்துட்டேன்."

"நீ பார்த்தா போதுமா? சுட்டுக்கப் போறது அவரு," என்றாள் மனைவி. "கரண்டும் வேணாம். கடையில இருக்கிற பழைய மோட்டாரா இவரு, ஷாக் குடுத்து ஓட்டிப் பாக்கறதுக்கு?"

"மோட்டாருக்காவது மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடறாங்க," என்றார் கண்ணாடிக்காரர். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போதுதான் மச்சினன் தொண்டையைச் செருமினான். "மாமா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உயிர்தான் முக்கியம். அந்த ரத்த மாத்திரையைப் போட்டுக்கங்க. கையில காயம் பட்டா ரத்தம் நிக்காதாமே, அதனால கட்டிங் எல்லாம் இனிமே நான் பார்த்துக்கறேன். நீங்க சேர்ல உக்காந்து மேற்பார்வை பண்ணுங்க."

 கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு பாசமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அந்த நொடியில் கண்ணாடிக்காரரின் மனக்கதவு சாத்திக்கொண்டது.

மச்சினன் கெட்டவன் அல்ல. எடுத்த தொழில் எதிலும் காலூன்றாமல், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக் கடைக்கு வந்தவன். போன் பேசுவான், பில் போடுவான், அளவெடுக்க வீடுகளுக்குப் போய் அங்கே தன்னைப் பங்குதாரர் என்று அறிமுகம் செய்துகொள்வான். ஆனால் வெட்டு மேசை மட்டும் கண்ணாடிக்காரருடையது. பழைய கம்பளம் விரித்த அந்த நீள மேசையில், அவர் நிற்கிற பக்கத்து விளிம்பு அவருடைய வயிறு உரசியே வழுவழுப்பாகிவிட்டது. ஆள் உயரக் கண்ணாடியைப் படுக்க வைத்து, வைரமுனையை மண்ணெண்ணெயில் தொட்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் கோடு போடுவார். விளிம்பில் வைத்து லேசாக ஒரு அழுத்து, இரண்டாகும். அதைப் பார்ப்பதற்கென்றே வேலையில்லாதவர்கள் கடை வாசலில் நிற்பார்கள். வீட்டில் அவர் பேச்சுக்கு இல்லாத மரியாதை அந்த ஒரு கோட்டுக்கு இருந்தது.

அதைத்தான் இப்போது ஒரு மாத்திரையும் மச்சினனுமாகச் சேர்ந்து கேட்டார்கள். பக்கவாதம் வரலாம், வராமலும் போகலாம். மச்சினன் வந்தே விட்டான்.

ஆனாலும் முதல் சில வாரம் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். வெட்டு மேசையை விட்டு மட்டும் விலகவில்லை. அப்படி ஒரு நாள் முடிதிருத்துகிறவர் ஒருவர் தன் கடைக்காகச் சொல்லியிருந்த பெரிய கண்ணாடிக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரலில் ஒரு கீறல். வழக்கமாக வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறந்துபோகிற கீறல். அன்று அது நிற்பதாக இல்லை. துணி நனைந்தது, கம்பளம் நனைந்தது, கண்ணாடியின் மேல் கோடு கோடாக இறங்கியது.

முடிதிருத்துகிறவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, என் கடையில ரத்தம் வர்ற வேலையை நான் பார்த்துக்கறேன். நீங்க கண்ணாடியை மட்டும் குடுங்க."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை. ஓடிவந்து பஞ்சு வைத்து அழுத்தி, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாமா," என்றான். சிரித்திருந்தால் மன்னித்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்காரர் தன் வாழ்க்கையின் முதல் மருத்துவ முடிவை எடுத்தார். மற்றவர்கள் எடுத்து வைத்த எல்லா வழிகளையும் தள்ளிவிட்டு, எந்த டாக்டருக்கும் தோன்றாத புது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெரிய வெட்டு இருக்கிற நாளில் மாத்திரைக்கு லீவு. முந்தின நாளும் லீவு, ரத்தம் கெட்டிப்பட அவகாசம் வேண்டுமல்லவா. வெட்டு இல்லாத நாளில் மாத்திரை உண்டு. கடை நன்றாக ஓடினால் மாத்திரை ஓடாது. கடை தூங்கினால் மாத்திரை வேலை செய்யும். அவர் வரையில் இது நியாயமான ஏற்பாடு. அவருடைய கெட்ட நேரம், அந்தப் பருவத்தில் ஊரில் ஆளாளுக்கு வீடு கட்டினார்கள். கடை ஓகோவென்று ஓடியது.

மறு பரிசோதனைக்குப் போனார். டாக்டர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார். "மாத்திரை எல்லாம் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன், டாக்டர்."

"பிசினஸ் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது."

"வெரி குட்."

துடிப்பை இயந்திரம் பார்த்துச் சொன்னது. நர்ஸ் விரலில் மாட்டும் கிளிப்புக்கு இடமில்லாமல் பிளாஸ்திரி இல்லாத விரலாகத் தேடிப் பிடித்துத்தான் மாட்டினாள். டாக்டர் ஒரு முறை அவர் மணிக்கட்டைத் தன் கையால் பிடித்திருந்தால், அந்த உள்ளங்கை எந்தப் பிசினஸ் செய்கிறது என்பதைச் சொல்லியிருக்கும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் இயந்திரம் இல்லாத டாக்டர்களுக்குத்தான்.

அது நடந்தது ஒரு காலை நேரம், கடையில். அன்று பெரிய வெட்டு ஒன்று இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வைரமுனையை எடுக்கப் போனார். விரல்கள் வர மறுத்தன. யாரோ வேறொருவருடைய கையைத் தன் தோளில் மாட்டிவிட்டது போலிருந்தது. "மாப்ள" என்று கூப்பிட நினைத்தார். வாயிலிருந்து வந்தது வேறு என்னவோ.

மச்சினன் பில்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடை திறந்ததும் திறக்காததுமா எதுக்கு மாமா திட்டறீங்க? அந்த அளவு சரிதான், நானே போய் எடுத்தேன்."

பிறகு நிமிர்ந்து பார்த்தான். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பில்லைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். இரண்டு பேர் தூக்க வேண்டிய உடம்பை ஒற்றை ஆளாகத் தூக்கி, தெருவில் போன ஒரு வண்டியை மறித்து ஏற்றினான். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல மாமா, ஒண்ணும் இல்ல," என்று அழுதான். கண்ணாடிக்காரருக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. அந்த மடியிலிருந்து இறங்க முடியாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சீக்கிரம் கொண்டு வந்ததால் பேச்சு பெரும்பாலும் திரும்பியது. கால் பரவாயில்லை. வலது கை மட்டும் வரவில்லை.

இதய டாக்டருக்குப் பெரிய ஆச்சரியம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலரைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, "மாத்திரையை ஒழுங்கா எடுத்தும் இவருக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு. இது அபூர்வமான கேஸ்," என்று பாடம் நடத்த ஆரம்பித்தார். அபூர்வமான கேஸ் கண்ணை மூடிக்கொண்டது.

மச்சினனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அதெல்லாம் இல்ல டாக்டர். நேத்து வீட்ல மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. கட்டிங் இருந்தா அவரு மாத்திரை போட மாட்டாரு."

"என்ன கட்டிங்?"

"கண்ணாடி கட்டிங். வேற என்ன? கண்ணாடி வெட்டறதுதானே அவரு வேலை. கையில படாத நாளே கிடையாது."

டாக்டர் முதல் முறையாகக் கட்டிலில் உட்கார்ந்து அந்த வலது கையை எடுத்துப் பார்த்தார். பழைய தழும்புகள், புதிய தழும்புகள், தழும்பின் மேல் தழும்பு.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "கட்டி பிடிக்கிற இடம் பெரும்பாலும் இதயத்துல ஒரு சின்னப் பை. உங்க மாதிரி தினமும் கையில வெட்டு விழற ஆளுங்களுக்கு அந்தப் பையையே அடைச்சிடறதைப் பத்தி யோசிச்சிருக்கலாம். கொஞ்ச நாள்ல ரத்த மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். நீங்க பிசினஸ்னுதானே சொன்னீங்க?"

மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். "கடை வச்சிருக்கோம் டாக்டர். அது பிசினஸ் இல்லையா?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். டாக்டர் பிள்ளைகளை அடுத்த கட்டிலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கிளம்புகிற அன்று டாக்டர் திரும்பவும் அந்தப் பேச்சை எடுத்தார். "அந்தப் பையை இப்பவும் அடைக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"இனிமே எதுக்கு டாக்டர்?" என்றார் கண்ணாடிக்காரர், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "ரத்தம் வர்ற மாதிரி நான் என்ன பண்ணப் போறேன்?"

இப்போது மாத்திரைக்கு லீவு கிடையாது. மனைவி கையில் கொடுத்து, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். இதயம் அதன் பாட்டுக்குக் கோணல்மாணலாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் இப்போது பேசுவதில்லை. காலையில் மச்சினன் வந்து கைத்தாங்கலாகக் கடைக்கு அழைத்துப் போகிறான். மேற்பார்வைக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். வருகிறவர்களிடம், "மாமா சொன்னா சொன்னதுதான், எல்லாம் அவரைக் கேட்டுத்தான்," என்கிறான். எதையும் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு பெரிய கண்ணாடி மேசைக்கு வந்தது. யாரோ புது வீட்டு மாடிப்படிக்குச் சொல்லியிருந்தது. வாசலில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோடு போட்டான். நல்ல கோட்டின் சத்தம் பட்டுத் துணியைக் கிழிப்பது போல முனையிலிருந்து முனைவரை ஒரே சீராகப் போகும். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியைத் தாண்டியதும் சத்தம் ஒரு இடத்தில் விட்டது, பிறகு தொடர்ந்தது. அந்த இடத்தில் கோடு பதியவில்லை. அப்படியே அழுத்தினால் கண்ணாடி கோட்டை விட்டு இஷ்டத்துக்கு ஓடும்.

"என்ன மாமா, சரியா இருக்கா?" மச்சினன் கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்திக்கொண்டே கேட்டான். வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகக் கேட்டதுதான். ஆனாலும் கேட்டான்.

"ம்," என்றார் கண்ணாடிக்காரர். "அழுத்து."

கண்ணாடி மூலைக்கு மூலை ஓடிப் பிளந்தது. வாசலில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மச்சினன் உதட்டைக் கடித்துக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தான். அவருக்கு நெஞ்சுக்குள் எங்கோ ஒரு ஓரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இல்லாத ஒரு இதம் பரவியது. உடைந்தது தன் கடைக் கண்ணாடிதான் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"பார்த்துப் பொறுக்கு மாப்ள," என்றார். "கையைக் கிழிச்சுக்கப் போற."