மருமகள் பேரில் பூண்டுக் காடு

மன்னவனூர் கந்தம்மாளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி பரிமாறப் போய்விடுவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் பாதி வழி நின்றுகொண்டே வருவாள். அப்படிப்பட்டவளை மதுரை டாக்டர் நெஞ்சு ஆபரேஷனுக்கு நாள் குறித்துப் படுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

படுப்பதற்கு முன் ஒரு சோலி பாக்கி இருந்தது. அவளுடைய அப்பா அவள் பேருக்கே எழுதிக் கொடுத்த பூண்டுக் காட்டுக்கு உயில் எழுத வேண்டும். மூத்த மகன் செத்துப்போன பிறகும் அவன் பெண்டாட்டி மகாதேவி பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. காட்டில் களை வெட்டுவதும் பூண்டு பிடுங்குவதும் அவள்தான். வத்தலக்குண்டில் கடை வைத்திருக்கும் இளையவன் முருகவேல் காட்டுப் பக்கம் எட்டிப்பார்த்தே வருஷக்கணக்காகிறது. ஆனால் தகப்பனும் இல்லாத நிலையில் உயில் எழுதாமல் தாய் கண்ணை மூடினால் காடு முழுக்க அவனுக்குத்தான், மருமகளுக்குப் பிடி மண்கூட வராது என்று ஊருக்கு வந்த சட்ட முகாமில் சொல்லிவிட்டார்கள். அன்றோடு கந்தம்மாளுக்குத் தூக்கம் போச்சு.

அட்டுவம்பட்டி வக்கீல் சௌம்யாவிடம் போனிலேயே விவரம் சொல்லி, உயில் தயாரானதும் வந்து நின்றாள். உட்காரவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

"குடும்மா, வெரசாக் கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புறேன். பஸ்ஸு போயிரும்."

"சாட்சி ரெண்டு பேரும் பார்க்கப் போடணும்மா. அப்பத்தான் செல்லும்."

ஒரு சாட்சி, சௌம்யாவின் பக்கத்து வீட்டுக்காரர், தயாராக இருந்தார். இன்னொருவன் ஊரிலிருந்து கூட வந்த வேல்ராஜ். டீ குடிக்கப் போனவன் டீத்தூள் விளையக் காத்திருக்கிறான் போல. கந்தம்மாள் அவனை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினாள்.

ஒருவழியாக அவன் வந்ததும் சௌம்யா படித்தாள். "மேற்படி காட்டை என் மகள் மகாதேவிக்கு..."

வேல்ராஜ் இடைமறித்தான். "யக்கா, ஒனக்குப் பொண்ணேது?"

சௌம்யா திகைத்துப் போனாள். "எம் மகள்னுதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அவள அப்படித்தான் சொல்லுவேன்."

"பேப்பர்ல உறவு சரியா இருக்கணும்மா. எங்கம்மாவுக்கு மகளே கிடையாதுன்னு உங்க மகன் கேஸ் போட்டா, பாவம், மகாதேவிதான் கோர்ட்டுக்கு அலையணும்."

கந்தம்மாள் நடையை நிறுத்தினாள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால்? ஆனாலும் மருமகள் என்று எழுத மனசு வரவில்லை. அவளைப் பெறாத குறையை ஊருக்குச் சொல்வது போல வலித்தது.

"சரி, மருமகளுன்னே எழுது," என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"மகன் இருக்க மருமகளுக்கு ஏன்னு ஒரு வரியும் சேர்த்துக்கலாம். ஏன்மா?"

"அவனுக்குக் கடையிருக்கு. இவளுக்கு நாந்தான் இருக்கேன். எம் மக, அவ்வளவுதான்."

சௌம்யா திருத்தி எடுத்துப் படித்தாள். "என் மருமகள் மகாதேவி எனக்கு மகளாக இருந்து வருவதால், காட்டை அவளுக்கு எழுதி வைக்கிறேன்."

சாட்சிகள் பார்க்கக் கந்தம்மாள் கையெழுத்துப் போட்டாள். அவர்களும் போட்டார்கள். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டு வேல்ராஜ் எழுந்துவிட்டான்.

கந்தம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த வரிய இன்னொருவாட்டி படிம்மா," என்றாள். "பஸ்ஸு போனாப் போகுது."