சாட்சி நேரம்

சங்கராபுரத்து சபையில் வேதம் வாசிப்பவள் நான். எங்கள் வீட்டிலேயே முதலில் படித்தவள். கால்கள் சூம்பிப்போன ஒரு அக்கா, கைகளில் ரப்பர் செருப்பு மாட்டிச் சபைக்குத் தவழ்ந்து வருவார். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கை தூக்குவார்.

"மொதல்ல சுகம் கெடைக்கட்டும்மா, அப்புறம் சொல்லலாம்" என்பார் பாஸ்டர்.

ஒருநாள் கேட்டேன், "இன்னாக்கா சொல்லப் போறீங்க?"

"நடக்க வெக்கலன்னாலும் அவரு என்ன வுடலன்னு சொல்லணும். அதுவும் சாட்சிதான பாப்பா? படிச்சவ, நீயே சொல்லு."

போன மாதம் அவரது அடக்க ஆராதனை. "நம்ம சகோதரி இப்ப பரலோகத்துல நடக்கறாங்க" என்றார் பாஸ்டர். அக்காவின் சாட்சியைச் சொல்ல நான் கை தூக்கினேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். என் கையும் அதில் ஒன்றாகிவிட்டது.